மேற்கு வாசல்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்துதான் போகிறார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் குடைந்த பாறையையும், வளைவுகளில் தெரியும் பத்தலேகல மலையையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோச்சியில் போகிறவர்கள் பள்ளத்தின் விளிம்பில் ஓடும் பெட்டியின் வாசலில் நின்று காற்று வாங்குகிறார்கள். அந்தப் பள்ளத்துக்கு மேலே ஒரு குன்றில், கண்டி இராச்சியத்தின் மேற்கு எல்லையைக் காத்த கோட்டையின் கல்மதில்கள் இன்னும் கிடக்கின்றன என்பது மிகச் சிலருக்கே தெரியும். இடத்தின் பெயர் பலன. கடுகண்ணாவைக்கு அடுத்து, கொழும்புப் பக்கமாக இறங்கும்போது வரும் சின்னப் புகையிரத நிலையம். கடுகதி வண்டிகள் அங்கே நிற்பதில்லை.

என்னோடு வந்தவர் கடுகண்ணாவையில் பிறந்து வளர்ந்து, புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே பாதையில் ‘கேங்’கில் வேலை செய்தவர்கள், தண்டவாளத்துக்குக் கல் போட்டவர்கள். பேராதனையில் சந்தித்து, ரம்புக்கனை போகும் மெதுவான வண்டியில் ஏறினோம். “எல்லாரும் கண்டிக்குப் போயி மாளிகைய பாக்குறாங்க தம்பி. அந்த ஊட்டுக்கு வாசல் இங்கதான் இருந்துச்சு. வாசல பாக்காம ஊட்ட மட்டும் பாத்துட்டுப் போனா எப்புடி?” என்றார். இந்தப் பயணத்துக்கு என்னை இழுத்து வந்ததும் அந்தக் கேள்விதான்.

கடுகண்ணாவை தாண்டியதும் வண்டி சாயத் தொடங்குகிறது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 12 மைல் தூரத்தில் ஏறத்தாழ 1,400 அடி ஏற்றம். 45 அடி போனால் 1 அடி உயரும் சரிவு. நீராவிக் காலத்தில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வர இன்னொரு எஞ்சின் வேண்டியிருந்தது. அதைப் பெரியவர் ‘பேங்கர்’ என்றார். மலையில் ஏற எஞ்சினே இப்படித் திணறிய இடத்தில், பீரங்கியையும் அரிசி மூட்டையையும் மனிதத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு படையை நினைத்துப் பாருங்கள். பலனவின் கதையில் பாதி அந்தச் சரிவில் இருக்கிறது.

நிலையத்தில் எங்களோடு இறங்கியவர்கள் ஊர்க்காரர்கள். வீடுகளுக்கும் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கும் நடுவே பாதை மேலே போகிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று பெரியவர் அவசரப்படுத்தினார். ஏறத் தொடங்கிய பின் அவர்தான் முன்னால் போனார். முழங்கால் வலிக்கிறது என்று கோச்சியில் சொல்லிக்கொண்டு வந்தவர், ஏற்றத்தைக் கண்டதும் அதை மறந்துவிட்டார். கடைசிப் பகுதி செங்குத்து. இரண்டு பக்கமும் மானாப் புல் இடுப்புயரம் நிற்கிறது.

செஞ்சியையோ திருமயத்தையோ மனதில் வைத்துக்கொண்டு யாரும் இங்கே ஏறக் கூடாது. வானளாவிய மதில் இல்லை, அகழி இல்லை, தானியக் களஞ்சியம் இல்லை, யானை நுழையும் கோபுரவாசல் இல்லை. கருங்கல் துண்டுகளை அடுக்கி எழுப்பிய மதிலின் அடிப்பகுதிகள், மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் கல்வரிசைகள், சமப்படுத்திய மேடைகள், இவ்வளவுதான். சில இடங்களில் கல் ஒழுங்காக நிற்கிறது. சில இடங்களில் வேர் பிளந்து சரிந்திருக்கிறது. ஆனால் மேற்குப் பக்கமாக முகத்தைத் திருப்பிய உடனே, இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. கீழே மாவனல்லைப் பக்கத்துத் தாழ்நிலம் முழுவதும் திறந்து கிடக்கிறது. பத்தலேகல தட்டையான தலையோடு நிற்கிறது. அப்பால் ஊத்துவன்கந்த. வலது கையில் அலகல்லவின் பெரிய முதுகு. அந்தத் தாழ்நிலம்தான் அந்தக் காலத்து நான்கு கோறளை. கோட்டை, சீதாவாக்கை இராச்சியங்களின் பக்கமிருந்து கண்டிக்கு வருகிற படை எதுவானாலும் அந்த வெளியைக் கடந்து, இந்தக் குன்றின் அடிவாரத்துக்கு வந்து, இந்தச் சரிவில் ஏறித்தான் ஆக வேண்டும். சமையல் புகையை வைத்தே அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று மேலே இருக்கிறவன் கணக்குப் போட்டுவிடலாம்.

இந்த மதில்களை மட்டும் கோட்டை என்று நினைத்தால் பலன நமக்குப் பிடிபடாது. திருக்குறளின் அரண் அதிகாரம் நீரையும் வெட்டவெளி நிலத்தையும் மலையையும் நிழல் அடர்ந்த காட்டையும் அரணின் உறுப்புகளாக எண்ணுகிறது. கண்டி அரசர்கள் இந்த நான்கில் இரண்டை, மலையையும் காட்டையும், ஓர் அரசுக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். சங்க இலக்கியம் மிளை என்று சொல்லும் காவற்காடு இதுதான். எல்லைக் காட்டை வெட்டுவதற்கு அனுமதி கிடையாது. பாதைகளை அகலப்படுத்தக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக நடக்கும் தடங்கள்தான் இராச்சியத்துக்குள் நுழையும் வழிகள். அந்தத் தடங்கள் இறுகும் இடங்களில் கடவத்தை என்ற காவல் வாசல்கள் இருந்தன. பலன அந்த வாசல்களில் பெரியது. கல்லால் கட்டும் அளவுக்கு முக்கியமானது.

வாசல் எப்படி இருந்தது என்பதை நமக்கு எழுதி வைத்தவர் ஒரு கைதி. ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660-ல் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் மலைநாட்டில் 1679 வரை அடைபட்டுக் கிடந்தவர். தப்பிப் போய் 1681-ல் அச்சிட்ட நூலில் முள்வாசலைப் படமாக வரைந்ததுபோல விவரிக்கிறார். மூன்று நான்கு அங்குல முட்கள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை நெருக்கமாகப் பின்னி, நிமிர்ந்த சட்டங்களில் கட்டிக் கதவுபோலச் செய்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் மூன்று மரங்களை நிறுத்திக் கட்டிய சட்டத்தில் அதைத் தொங்க விடுகிறார்கள். யானைமேல் இருப்பவர் குனியாமல் போகலாம். தூக்கினால் வழி, இறக்கிக் கட்டினால் முள். நம் ஊர்களில் ஆட்டுக் கிடைக்குப் போடும் படலைப் பெரிதாக்கி, இரும்பு ஆணி போன்ற முள்ளால் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இராச்சியத்தின் எல்லை அதில் தொங்கியது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் சொல்லும் கடவுச்சீட்டு. போகிற வருகிறவர்களுக்கு அரண்மனையிலிருந்து களிமண்ணில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். போர்வீரனுக்கு ஒரு முத்திரை: தோளில் ஈட்டி ஏந்திய ஆள். சுமைக்காரனுக்கு இன்னொன்று: காவடித் தண்டின் இரு முனையிலும் பொதி தொங்கும் ஆள். வெள்ளைக்காரனுக்குத் தலையில் தொப்பி, இடையில் வாள். காவல்காரன் எழுத்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மண்ணில் இருக்கும் ஆளும் முன்னால் நிற்கும் ஆளும் ஒன்றா என்று பார்த்தால் போதும். நொக்ஸும் கூட இருந்தவர்களும் எந்தச் சங்கிலியும் இல்லாமல் ஊர்களில் வாழ்ந்தும் இத்தனை ஆண்டுகள் வெளியேற முடியாமல் போனதற்கு இந்த முள்வாசல்களும் மண்முத்திரைகளும் காரணம். எல்லைக் காவல் வெளியாரை உள்ளே விடாமல் தடுத்ததைப் போலவே உள்ளே இருந்தவர்களையும் வெளியே விடாமல் வைத்திருந்தது.

மதில் மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். கீழே ஒரு கோச்சி அலகல்லப் பக்கமாக ஊதிக்கொண்டு போனது. பெரியவர் கையை நீட்டி, கிழக்கே மரங்களுக்கு மேல் காட்டினார். “அந்தப் பக்கம் தந்துரே. இங்கேருந்து உள்ளுக்கு. பறங்கிப் படை மொத்தமா அழிஞ்ச எடம்.” போர்த்துக்கேயப் படையின் அந்த அழிவுக் கதையில் தமிழ் வாசகர் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சீதாவாக்கையின் முதலாம் இராசசிங்கன் 1593-ல் இறந்தபோது அவனுடைய பேரரசு சிதறியது. கண்டியைக் கோனப்பு பண்டார என்ற தலைவன் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தான். போர்த்துக்கேயரிடம் சேர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, டொன் ஜுவான் என்ற பெயரோடு அவர்களுக்காகவே மலைக்கு அனுப்பப்பட்டவன் அவன். வந்த இடத்தில் அவர்களுக்கு எதிராகத் திரும்பினான். போர்த்துக்கேயரிடம் இன்னொரு துருப்பு இருந்தது. சீதாவாக்கைப் படைக்கு அஞ்சி ஓடிய கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரவின் மகள், சிறுமியாக அவர்கள் கையில் சேர்ந்தவள், மன்னாரில் வளர்ந்தவள்: குசுமாசன தேவி, கிறிஸ்தவப் பெயரில் டொனா கத்தரினா. அவளை அரியணையில் ஏற்றினால் மலைநாடு தங்களுடையது என்று 1594-ல் போர்த்துக்கேயத் தளபதி பெத்ரோ லோப்பஸ் தெ சூசா பெரும்படையோடு கிளம்பினார். அந்தப் படையின் பெரும்பகுதி போர்த்துக்கேயர் அல்ல; லஸ்கரின் என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் படையாட்கள். அவர்களை நடத்தி வந்தவர் ஜயவீர பண்டார.

இந்த ஜயவீரவின் பழைய பெயர் அரிட்டகீ வெண்டு பெருமாள். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். இராசசிங்கனிடம் சேர்ந்து, அவனுக்கு நெருக்கமாகி, மன்னம்பெரும முகொட்டாலை என்ற பட்டம் பெற்று, படை நடத்தும் நிலைக்கு உயர்ந்தவர். மன்னன் இறந்த பின் போர்த்துக்கேயர் பக்கம் போனார். அவர் இல்லாமல் தெ சூசாவால் இந்த மலையைக் கடந்திருக்க முடியாது. பலனவைக் கடந்து, கண்டிக்குள் நுழைந்து, இளவரசியை முடிசூட்டினார்கள். அதோடு வெற்றி முடிந்தது. முடிசூட்டியவர்கள் அவளைச் சுற்றிப் போர்த்துக்கேயக் காவல் போட்டார்கள். மலைநாட்டார் தங்கள் அரசியை நெருங்க முடியவில்லை. உணவு கிடைப்பது நின்றது. தேடிப் போனவர்கள் திரும்பவில்லை. அந்த நேரத்தில் ஜயவீரவின் பெயருக்குக் கோனப்பு பண்டார எழுதிய கடிதம் ஒன்று போர்த்துக்கேயர் கையில் சிக்கியது. சிக்க வேண்டும் என்றே அனுப்பிய கடிதம் என்று சொல்வார்கள். தெ சூசா விசாரிக்கவில்லை, பெருமாளைக் கொன்றுவிட்டார். அந்த இரவிலேயே லஸ்கரின்கள் கரையத் தொடங்கினார்கள். எஞ்சிய போர்த்துக்கேயர் கண்டியைவிட்டு இந்தப் பலன வாசலை நோக்கி ஓடி வந்தபோது, வாசலை எட்டுவதற்கு முன்பே தந்துரேயில் சுற்றி வளைக்கப்பட்டார்கள். 1594 ஒக்டோபர் 9 அன்று படை முடிந்தது. தெ சூசா காயத்தால் இறந்தார். டொனா கத்தரினாவைக் கோனப்பு பண்டார மணந்து, முதலாம் விமலதர்மசூரியனாக அரியணை ஏறினான்.

கோட்டை மதிலில் ஒரு கல்கூடப் பெயராத வெற்றி அது. நம்பிக்கை முறிந்தது, படை முறிந்தது. பெருமாள் என்ற அந்தத் தமிழ்ப் பெயர்க்காரரைத் துரோகி என்று ஒரு பக்கம் எழுதியவர்கள் உண்டு, பேராசைக்காரர் என்று இன்னொரு பக்கம் எழுதியவர்கள் உண்டு. நான் அவரைப் பார்ப்பது வேறுவிதமாக. மூன்று அரசுகள் ஒன்றையொன்று மென்று தின்ற தலைமுறையில், பிறந்த ஊரை விட்டு வந்த ஒருவர், தன் வாளைத் தவிர வேறு பிடிமானம் இல்லாமல் வாழ்ந்தார். அவரைப் பயன்படுத்திய எவரும் அவரை நம்பவில்லை.

விமலதர்மசூரியன் பலனவைப் பலப்படுத்தினான். தன்னால் தாண்டி வர முடிந்த வாசலை இன்னொருவரும் தாண்டி வரலாம் என்று அவனுக்குத் தெரியாதா? கடலைத் தன்னால் காக்க முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. 1602-ல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு வந்தபோது, நீங்கள் என் நாட்டில் கோட்டை கட்டுவதானால் நானும் அரசியும் பிள்ளைகளும் எங்கள் தோளில் கல் சுமப்போம் என்ற பொருளில் மன்னன் சொன்னதாக அவர் குறிப்பு இருக்கிறது. இந்த மேட்டில், அடுக்கிய கற்களுக்கு நடுவே நின்று அந்தச் செய்தியை நினைத்தபோது எனக்கு அது அரச மரியாதைக்காகச் சொன்ன பேச்சாகத் தோன்றவில்லை. நெருக்கடியில் இருந்த மனிதன் பேசியது அது.

1603-ன் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி ஜெரோனிமோ தெ அசவேடு இந்தக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். போர்த்துக்கேயர் பலன மதிலைப் போரில் வென்றார்கள் என்று சொல்லத்தக்க சந்தர்ப்பம் அது. ஆனால் மேலே ஏறி நின்றவர்களுக்குப் பின்னால் லஸ்கரின்கள் கலகம் செய்தார்கள். வென்ற கோட்டையை விட்டுவிட்டு அசவேடு இறங்கினார். தாழ்நிலம் முழுக்க அடிபட்டுக்கொண்டே பின்வாங்கிய அந்த நடையைப் போர்த்துக்கேய வரலாறு ‘புகழ்பெற்ற பின்வாங்கல்’ என்று பெருமையாகக் குறித்துக்கொண்டது. 1630-ல் ஊவாவில் ரந்தெனிவெலையில் மீண்டும் இதே நடந்தது: போரின் நடுவே லஸ்கரின்கள் மாறினார்கள், தளபதி கொன்ஸ்தந்தீனோ தெ சா இறந்தார். 1638 மார்ச் 28 அன்று கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கன் தியேகோ தெ மெலோவின் படையை அழித்தபோதும் லஸ்கரின்கள் அவன் பக்கம் போயிருந்தார்கள். நான்கு போர்களிலும் ஒரே முடிவு. போர்த்துக்கேயர் ஒவ்வொரு முறையும் மலையைப் பற்றி, பாதையைப் பற்றி, பீரங்கியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். தாங்கள் வரி பிடுங்கி, கோயிலை இடித்து, கட்டாயமாகக் கூட்டி வந்த ஆட்கள் எத்தனை நாள் தங்களுக்காக நிற்பார்கள் என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அரண் அதிகாரத்தின் கடைசிக் குறளும் எத்தனை சிறப்பு இருந்தாலும் செயல் சிறப்பில்லாதவரிடம் அரண் பயனில்லை என்றுதான் முடிகிறது. இதே கணக்கு கண்டிக்கும் பொருந்தியது. 1803-ல் ஆங்கிலேயத் தளபதி மக்டோவல் பலனவைத் தவிர்த்து, கலகெதரைப் பக்கமாக உள்ளே போனார். நகரம் காலியாக இருந்தது, பின்னால் காய்ச்சலும் காடும் அவர்கள் படையைத் தின்றன. 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் மறுபடி வந்தபோது பலனவில் பெரிய சண்டை நடக்கவில்லை. கண்டித் தலைவர் எஹெலப்பொலை ஏற்கெனவே அவர்கள் பக்கம் போயிருந்தார். நான்கு கோறளையின் திசாவை மொல்லிகொடவும் போனார். நான்கு கோறளை என்றால் இந்தக் குன்றின் காலடி. அடிவாரம் கைமாறிய பின் உச்சியில் கல் அடுக்கி என்ன பயன்? மதுரை நாயக்கர் உறவுவழி வந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பெப்ரவரி 18 அன்று பிடிபட்டான். மார்ச் 2 அன்று ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832-ல் அங்கே இறந்தான். தலைவர்கள் ஏன் மாறினார்கள் என்பதற்கு அந்த மன்னனின் கொடுமைகளைச் சொல்வார்கள். வெளியாரின் வஞ்சகத்தைச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்துதான் வாசலைத் திறந்தன என்று நினைக்கிறேன்.

குன்றிலிருந்து இறங்கி, பாதையோரக் கடையொன்றில் பிளேன்டீ குடித்து, அடுத்த வண்டியில் கடுகண்ணாவைக்கு ஏறினோம். வாசல் விழுந்த பிறகு வாசலுக்கு என்ன ஆனது என்பதைக் கடுகண்ணாவை நகரமே காட்டுகிறது. வெற்றி பெற்ற ஆங்கிலேயருக்குப் பலனக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. ஒரு சாலை போட்டார்கள், அது போதுமாயிருந்தது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820-களில், கப்டன் டோசன் திட்டமிட்ட கொழும்பு-கண்டிச் சாலை இந்தக் கணவாய் வழியாக ஏறியது. மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி அடிபணியும் என்று ஒரு வாக்கு மக்களிடையே இருந்ததாகவும், அதனாலேயே கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து வழி விட்டார்கள் என்றும் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். பெரியவரும் சொன்னார்.

அந்தச் சாலையை வெட்டியவர்கள் யார் என்பதை யோசிக்க வேண்டும். கண்டி அரசில் குடிமக்கள் மன்னனுக்குச் செய்ய வேண்டிய கட்டாய ஊழியம் இராஜகாரிய. காவல் வாசலில் நின்றவர்களும் அந்த ஊழியத்தில் நின்றவர்களே. ஆங்கிலேயர் அதே வழக்கத்தை எடுத்து, அதே மக்களைச் சாலை வேலைக்குக் கூப்பிட்டார்கள். எல்லையை மூடி வைத்த உழைப்பு, எல்லையைத் திறந்தும் விட்டது. 1832-ல் கோல்புரூக் குழுவின் பரிந்துரையால் இராஜகாரிய ஒழியும்போது சாலை முடிந்து, அதில் தபால் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. டோசன் 1829-ல் கொழும்பில் இறந்தார். நண்பர்கள் பணம் சேர்த்து 1832-ல் எழுப்பிய 125 அடிக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவைச் சாலையோரம் கலங்கரை விளக்கம்போல நிற்கிறது. சாலையில் சரக்கு வந்தது. சரக்கைத் தேடிக் கொள்ளைக்காரரும் வந்தார்கள். பலனவிலிருந்து நாங்கள் பார்த்த ஊத்துவன்கந்தவில் பதுங்கியிருந்த சரதியேலும் அவனுடைய முஸ்லிம் தோழன் மம்மலே மரிக்காரும் 1864-ல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

தமிழரின் வரலாற்றில் இந்தச் சாலை பெரிய இடம் பிடிக்கிறது. சாலை வந்ததால் கோப்பி வந்தது. பார்ன்ஸே கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் போட்டார். இரண்டாம் இராசசிங்கன் படை நடத்திய அதே ஊர். கோப்பிக்கு ஆள் வேண்டும். மன்னாரில் இறங்கி, காட்டு வழி நடந்து, மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள் தென்னிந்தியத் தொழிலாளர்கள். நடந்த வழியில் செத்தவர்கள் பலர். கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி போதவில்லை என்பதால் 1858-ல் புகையிரதப் பாதை தொடங்கியது. பேவியல் என்ற ஒப்பந்தக்காரர் மலையைக் குடைந்தார். குடைந்த கைகளில் தமிழ்க் கைகளும் சிங்களக் கைகளும் இருந்தன. 1867-ல் கோச்சி கண்டியைத் தொட்டது. ஒற்றையடித் தடத்தையும் முள்படலையும் நம்பியிருந்த எல்லையை, சுரங்கங்கள் வழியே நுழைந்து இரண்டு இரும்புக் கம்பிகள் கடந்துவிட்டன.

கடுகண்ணாவை நிலையத்தின் பக்கத்தில் 2014-ல் திறந்த புகையிரத அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்கள், சமிக்ஞைக் கைகள், விளக்குகள். பெரியவர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து எனக்கு விளக்கினார். எந்தச் சுரங்கத்தின் வாயில் மழைக்கு மண் சரியும், எந்த வளைவில் அவருடைய அப்பா இரவுக் காவலுக்கு விளக்கோடு நடப்பார் என்றெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பலனவில் காவல் ஒழியவே இல்லை. வாள் பிடித்தவன் இடத்தில் விளக்குப் பிடித்தவன் வந்தான். அவன் பார்த்தது எதிரிப் படையை அல்ல, பாறையையும் மண்ணையும். அந்த வேலையை இந்த மலையில் மூன்று தலைமுறை செய்தது ஒரு தமிழ்க் குடும்பம்.

“ஐயா, கோட்டை பத்தி சின்ன வயசுல உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“ஸ்கூல்ல யாரும் சொல்லல தம்பி. விறகு பொறுக்கப் போவோம். ராசா கல்லு, எடுக்காதீங்கன்னு அந்த ஊரு ஆத்தா ஒருத்தி சத்தம் போடும். சிங்களத்துல ஏசும். ஆனா தண்ணி கேட்டா குடுக்கும்.”

பிற்பகலில் பிலிமத்தலாவையிலிருந்து ஆட்டோ பிடித்துத் தந்துரே போனோம். வயல், வீடு, விகாரை, சிறிய சாலை. போர்க்களத்தைத் தேடி வருகிறவர் கண்ணில் படும்படி பெரிதாக ஒன்றும் இல்லை; இருந்தாலும் போக வேண்டும் என்பேன். பலன உச்சியையும் தந்துரே வயலையும் ஒரே நாளில் பார்த்தால்தான் தூரம் புரிகிறது. தெ சூசாவின் ஆட்கள் ஓடி வந்து சேர முடியாமல் போன தூரம் நமக்கு ஓர் ஆட்டோ ஓட்டம். இங்கிருந்து கன்னொறுவையும் எட்டாத தூரமில்லை. இன்று விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கும் அந்த மகாவலிக் கரையையும் சேர்த்துக்கொண்டால், போர்த்துக்கேயர் மலைநாட்டில் தோற்றதன் வரைபடம் முழுமையாகிவிடும். கண்டி மாவட்டத் தமிழ்ப் பள்ளிகள் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா என்று நிறுத்திவிடாமல் இந்த வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெருமாளின் கதையைச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. இரண்டு மொழிக்காரர்களும் எல்லாப் பக்கத்திலும் நின்ற போர்கள் இவை.

போக நினைப்பவர்கள் காலை மெதுவான வண்டியில் பலனவில் இறங்குங்கள். நேரத்தை நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், திரும்பும் வண்டியையும் சேர்த்து. பத்து மணிக்கு முன் உச்சியில் இருந்தால் மேற்கு வெளி தெளிவாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் வேண்டாம்: அட்டை இருக்கும், கல் வழுக்கும். மதில்மேல் ஏறி நடக்காதீர்கள். அடுக்கிய கல், காரை பிடிப்புக் குறைவு, கால்பட்டுச் சரிந்தால் திரும்ப அடுக்க விமலதர்மசூரியன் வரப்போவதில்லை.

பிலிமத்தலாவைச் சந்தியில் பெரியவரை இறக்கிவிட்டபோது, சித்திரை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏறப் போகிறேன் என்றார். “நீங்களும் வாங்க தம்பி. நான் பாதைய காட்டுறேன், நீங்க கதைய சொல்லுங்க. ஆனா மழைக்கு முந்தி வரணும்.”